உள்கால் அளவு

காசு அவளுடையது. அதில் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சைக்கிள் கிளப்புக்கு அறுபது ஜெர்சி தைத்துக் கொடுத்துச் சம்பாதித்த காசு. கடை திறப்பதற்கு முன்னால் விடியற்காலையிலேயே மிஷினில் உட்கார்ந்து, வழுக்கிக்கொண்டு ஓடுகிற அந்தத் துணியை ஊசிக்குக் கீழே பிடித்து நிறுத்தி, ஒவ்வொரு முதுகிலும் மூன்று பை வைத்து, இரண்டு மாதம் உழைத்த காசு. தன்னுடைய ரேஸ் சைக்கிளை அப்கிரேடு பண்ணுவதற்கென்று அதைத் தனி உறையில் போட்டு வைத்திருந்தாள். அந்த உறையை எப்படிச் செலவழிப்பது என்று பேசத்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேரில் மூன்று பேர் பேசினார்கள். நாலாவது ஆளான அவள் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

கீழே தையல்கடை, மேலே வீடு. மேலே இருக்கிற மேசையில் மூன்று பேர்தான் உட்கார முடியும். அதனால் நாத்தனார் வருகிற ஞாயிறுகளில் கடையின் கட்டிங் மேசையிலேயே சாப்பாடு நடக்கும். துணிச் சுருளை ஓரமாகத் தள்ளி, கத்தரிகளை எடுத்து மாட்டிவிட்டு, பழைய விரிப்பு ஒன்றைப் போட்டுத் தட்டுகளை வைப்பாள். மழை வருகிற மாதிரி நாலு நாளாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. இஸ்திரிப்பெட்டியின் சூடும் நனைந்த கம்பளியின் வாடையும் அறையை விட்டுப் போகாமல் கிடந்தன.

"அண்ணி, கண்ண மூடிக்கிட்டு கார்பன் சக்கரம் வாங்கிடுங்க," என்றான் கொழுந்தன்.

கிளப்பில் அவனுக்கு 'கிராம்' என்று பேர். சைக்கிளில் எதைக் காட்டினாலும் அதன் எடையைக் கிராமில் சொல்வான். தண்ணீர்ப் பாட்டில் செருகுகிற கம்பி எண்பது கிராம் என்பதற்காக அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பாட்டிலை ஜெர்சிப் பையில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவன். பாட்டிலோட எடை எங்கடா போச்சு என்று யாராவது கேட்டால் இரண்டு நாளைக்கு அவர்களோடு பேச மாட்டான்.

"இப்ப இருக்கிற சக்கரம் ரெண்டும் சேர்ந்து ரெண்டாயிரத்து நூறு. கார்பன்னா ஆயிரத்து நானூறு. எழுநூறு கிராம் மிச்சம் அண்ணி! மேட்டுல ஏறும்போது எழுநூறு கிராம்னா சும்மாவா?"

"எழுநூறு கிராம்னா ஒரு கோட்டுத் துணி," என்றார் தையல்காரர். அவள் புருஷன். எந்த எடையையும் எந்த நீளத்தையும் துணியாக மாற்றினால்தான் அவருக்குப் புரியும். "ஒரு கோட்டக் கழட்டி வச்சிட்டு ஏறின மாதிரி இருக்கும்ல?"

"அதேதான் அண்ணா! கரெக்டா சொன்னீங்க."

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "எனக்கு இந்தக் கிராமும் தெரியாது, கிலோவும் தெரியாது. முட்டி போயிடுச்சு. போன முட்டிய வச்சுக்கிட்டு எந்தச் சக்கரத்த மாட்டினா என்ன? நாப்பது வயசாகப் போகுது. பேசாம சைக்கிள சின்னவன்கிட்ட குடுத்துட்டு, அந்தக் காசுல நல்ல டாக்டரா பாத்து முட்டியக் காட்டச் சொல்லு தம்பி."

முட்டி அவளுடையது, காசு அவளுடையது, சைக்கிளும் அவளுடையது. சொல்லு என்றது மட்டும் தம்பியிடம். அவள் உரித்த முட்டையைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்குப் பின்னால பெரிய பல்சக்கரம் ஒண்ணு போட்டா போதும். மேட்டுல லேசா மிதிக்கலாம், முட்டி அவ்வளவா வலிக்காது. சக்கர விலையில அது கால்வாசிகூட இல்ல."

கிராம் சிரித்தான். "அண்ணி, அது ரிட்டயர் ஆன தாத்தாங்க போடுற கியர். கிளப்புல பாத்தா மானம் போயிடும்."

"யாரு மானம்?"

"நம்ம எல்லார் மானமும்தான்."

"ஏம்மா, அவன் நல்லதுக்குத்தான சொல்றான்," என்றார் தையல்காரர், சமாதானமாக. "கணக்குப் போட்டுப் பாக்காம சின்னவன் எதையும் சொல்ல மாட்டான்."

கணக்கு. இரண்டு வருஷமாக அவள் இந்தக் கணக்கைத்தான் மிதித்துக்கொண்டிருந்தாள்.

அவளைக் கடைக்கு வருகிறவர்கள் காஜா அக்கா என்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் காஜா எடுக்க, அதாவது சட்டைக்குப் பொத்தான் துளை தைக்க, உட்கார்ந்தவள், இன்றைக்கு அந்தக் கடையில் அவள் செய்யாத வேலை இல்லை. பேர் மட்டும் காஜாவிலேயே நின்றுவிட்டது. தைத்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையும் அவளுடையதுதான். பின்னால் பெரிய பெட்டி கட்டிய கனத்த சைக்கிளில் பன்னிரண்டு வருஷம் அப்படிச் சுற்றினாள். ஒரு நாள் கிளப்காரர்கள் நாலு பேர் பளபளவென்று உடுத்திக்கொண்டு போனபோது, பெட்டியில் ஒன்பது சட்டை, இரண்டு கோட்டோடு அவர்களை முந்திக்கொண்டு போனாள். வேண்டுமென்று முந்தவில்லை, கோட்டுக்காரர் அவசரம் என்றிருந்தார். அந்த நாலு பேரில் ஒருவர் மறுநாள் கடைக்கே தேடி வந்து, தன் பழைய ரேஸ் சைக்கிளைச் சகாய விலைக்குத் தருகிறேன், கிளப்புக்கு வா என்றார். அவள் வாழ்க்கையில் யாரும் அவளை ஒரு இடத்துக்கு வா என்று அப்படிக் கூப்பிட்டதில்லை.

சைக்கிள் வந்த அன்றைக்கு வீடே கூடிச் சீட்டு உயரம் வைத்தது. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறதாம், கிராம் எங்கேயோ படித்துவிட்டு வந்திருந்தான். உள்கால் அளவை, அதாவது காலின் உள்பக்க நீளத்தை, எடுத்து அதைப் புள்ளி எட்டு எட்டு மூன்றால் பெருக்க வேண்டும். "அண்ணா, அண்ணியோட உள்கால் எவ்வளவு?" தையல்காரருக்கு டேப்பைத் தொட வேண்டிய அவசியம்கூட இல்லை. அளவு நோட்டைப் பிரிக்காமலேயே சொன்னார்: "இருபத்தேழு." ஊரில் பாதிப் பேருடைய அளவு அவருக்கு மனப்பாடம், பெண்டாட்டி அளவா தெரியாது? கிராம் பெருக்கினான். இருபத்து மூன்று புள்ளி எட்டு நாலு இஞ்ச். அந்த உயரத்தில் சீட்டை வைத்துத் திருகி, சீட்டுத் தண்டில் ஆணியால் ஒரு கோடும் கீறினான். "இதுதான் அண்ணி உங்க உயரம். மாத்தவே கூடாது."

மூன்றாவது மாதம் முட்டிக்குக் கீழே முன்பக்கமாக வலி தொடங்கியது. முதலில் மேட்டில் மட்டும். அப்புறம் மாடிப்படியில். அப்புறம் காஜா எடுக்கிற குட்டை முக்காலியிலிருந்து எழுந்திருக்கும்போதெல்லாம் ஒரு கை மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. சீட்டு தாழ்வாக இருக்கிற மாதிரி இருக்கு என்று ஒரு தடவை சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் அவளே ஒரு விரல்கடை உயர்த்தி ஓட்டியும் பார்த்தாள். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் கிராம் கோட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "யாரு அண்ணி இத மாத்தினது? அளவு பொய் சொல்லுமா?" சீட்டு மறுபடி கோட்டுக்கு இறங்கியது. தையல்காரரும் அதையேதான் சொன்னார்: "உடம்பு ஒரு நாளைக்கு ஒண்ணு சொல்லும். டேப்பு ஒண்ணுதான் சொல்லும்."

அப்புறம் தைலம். அப்புறம் வெந்நீர் ஒத்தடம். தையல்காரர் மெனக்கெட்டு, இழுபடுகிற துணியை இரண்டு மடிப்பாகப் போட்டு முட்டிக்கு ஒரு உறை தைத்துக் கொடுத்தார். கச்சிதமாக இருந்தது. அதை மாட்டிக்கொண்டுதான் போன வருஷம் நீர்த்தேக்கத்து மேட்டில் ஏறினாள். கிளப்பில் வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற ஏற்றம் அது, எட்டு கிலோமீட்டர். பம்பு அறைக்குப் பக்கத்துத் திருப்பத்தில் முட்டி அவளை இறக்கிவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மீதி மூன்று கிலோமீட்டர் நடந்தாள். முந்திப் போனவர்கள் எல்லாரும் ஒரு "பரவாயில்லக்கா" சொல்லிவிட்டுப் போனார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது டீயும் ரொட்டியும் தீர்ந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஊரெல்லாம் பேச்சு ஒன்றுதான். "என்ன செய்யறது, அவ முட்டி அவ்வளவுதான்," என்று தையல்காரர் வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். ஆனால் நூறு பேரிடம் சொன்னார். இந்த வருஷ ஏற்றத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. இந்தத் தடவையும் இறங்கித் தள்ளினால் சைக்கிள் சின்னவனுக்கு என்று நாத்தனார் போன மாதமே தீர்ப்புச் சொல்லி, அதற்குத் தையல்காரர் தலையாட்டி, கிராம் அடக்கமாகச் சிரித்து, எல்லாம் முடிந்திருந்தது. அவளைத் தவிர எல்லாரும் சம்மதித்த ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை துணி கொடுத்துவிட்டு வந்து, பெட்டி கட்டிய சைக்கிளை நிறுத்திவிட்டு, அவள் ரேஸ் சைக்கிளோடு மெக்கானிக் கடைக்குப் போனாள். பல்சக்கரம் என்ன விலை, அதையாவது விசாரிக்கலாம் என்றுதான். சந்துக்குள் இருக்கிற சின்னக் கடை. மெக்கானிக் அவளைவிட நாலைந்து வயது சின்னவள், ஜலதோஷம் பிடித்து மூக்கால் பேசினாள். கூரையிலிருந்து டயர்கள் தொங்கின, கீழே கிரீஸும் மூக்குத் துடைத்த காகிதமும்.

"பெரிய பல்சக்கரம் எதுக்குக்கா?"

"முட்டி வலி."

"எங்க வலிக்குது? முன்னாடியா, பின்னாடியா?"

அவளுக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருந்தது. இரண்டு வருஷத்தில் யாரும் எங்கே என்று கேட்டதில்லை. "முன்னாடி. இங்க."

மெக்கானிக் சைக்கிளை ஒரு தாங்கியில் மாட்டி, ஏறி மிதிக்கச் சொன்னாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். தும்மினாள். மறுபடி பார்த்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. சின்னப் பிள்ளைங்க சைக்கிள்ல பெரியவங்க ஓட்டுற மாதிரி இருக்கு. முட்டி நெஞ்சுக்கு வருது. யாரு உங்களுக்கு இந்தச் சீட்டு வச்சது?"

"கணக்குப் போட்டு வச்சது. உள்கால் இருபத்தேழு."

"யாரு சொன்னா இருபத்தேழுன்னு? செருப்பக் கழட்டுங்க."

சுவரோரம் நிற்க வைத்து, ஒரு ரசமட்டக் கட்டையைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்தி வைத்து, தரையிலிருந்து அளந்தாள். ஒரு தடவை. சந்தேகம் வந்து இன்னொரு தடவை. "இருபத்தொம்பதரை."

"இல்லயே, எங்க வீட்டுக்காரர் தையல்காரர். அவர் அளவு தப்பாது."

"பேண்ட்டுக்குத் தப்பாதுக்கா," என்றாள் மெக்கானிக். "பேண்ட்ட தரை வரைக்குமா தைக்கிறாங்க?"

அவ்வளவுதான். காஜா அக்கா அந்தச் சுவரிலேயே சாய்ந்து நின்றாள். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் தையல்கடையில் இருப்பவள், அவளுக்குத் தெரியாதா? பேண்ட்டின் உள்கால் தையல் உடம்போடு ஒட்டி இருக்காது, உட்கார்ந்து எழுந்திருக்க ஒரு இஞ்ச் கீழே இறங்கித்தான் நிற்கும். கீழேயும் தரைக்கு ஒன்றரை இஞ்ச் மேலேயே மடித்துவிடுவார்கள். அந்த நோட்டில் இருந்தது அவள் கால் இல்லை, அவள் பேண்ட்.

மெக்கானிக் திருகாணியைத் தளர்த்திச் சீட்டை உயர்த்தினாள். ஆணிக் கோடு தெரிந்தது, அதற்கும் கீழே தண்டில் ரெண்டு இஞ்ச்சுக்கு மேல் புதுப் பளபளப்பு தெரிந்தது. இத்தனை நாள் குழாய்க்குள்ளேயே கிடந்த இடம்.

"பல்சக்கரம் இப்ப வேணாம். இப்படியே ஓட்டிப் பாருங்க, பழகக் கொஞ்ச நாள் ஆகும். அப்புறமும் வேணும்னா வாங்க."

"எவ்வளவு தரணும்?"

"ஒரு திருகாணியத் திருப்பினதுக்கா? போங்கக்கா."

அவள் சுற்றுவழியில் மேம்பாலத்தின் மேலே ஏறி வீட்டுக்குப் போனாள். பாதி மேட்டில் வழக்கமாக முட்டியில் ஊசி இறங்குகிற இடம் வந்தது. காத்திருந்தாள். ஒன்றும் இறங்கவில்லை. பழைய புண் இருக்கிறது என்கிற மாதிரி ஒரு மந்தமான வலி மட்டும். கால் முழுதாக நீண்டு, முழுதாக மிதித்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் பாலத்து உச்சியில் வந்தது சந்தோஷம் இல்லை, ஆத்திரம். காது வரைக்கும் சூடேறியது. இரண்டு வருஷம்! தைலம் எத்தனை, ஒத்தடம் எத்தனை, படியில் பிடித்த கைப்பிடி எத்தனை. எல்லாம் ஒரு திருகாணி.

கடைக்குள் நுழைந்தபோது கிராம் கட்டிங் மேசை மேலே இரண்டு கறுப்புச் சக்கரங்களைப் படுக்க வைத்து, துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். தையல்காரர் பக்கத்தில் நின்று ஒன்றைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பல்.

"வா வா! கண்ண மூடு, கண்ண மூடு... சரி, பாத்துட்ட. தூக்கிப் பாரேன், பூ மாதிரி இருக்கு."

"இது ஏது?"

"உன் உறையில இருந்துதான் எடுத்துக் குடுத்தேன். தள்ளுபடி இன்னிக்கோட முடியுதாம். நீ சும்மா யோசிச்சுக்கிட்டே இருப்ப, அதான் ஆச்சரியமா இருக்கட்டுமேன்னு."

"என் காச எடுத்தீங்க."

"உனக்குத்தான வாங்கியிருக்கு!"

"ஒரு வேளை உங்களுக்கு முடியலன்னாலும் அண்ணி," என்றான் கிராம், கெட்டிக்காரத்தனமாக, "சக்கரம் வீணாகாது. என் சைக்கிளுக்கும் இதே அளவுதான்."

அவள் அந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் போய் அளவு நோட்டை எடுத்து, தன் பக்கத்தைப் பிரித்துத் தையல்காரர் முன்னால் வைத்தாள்.

"உள்கால் இருபத்தேழுன்னு இருக்கு. இது எதோட அளவு?"

"உன்னோடது."

"என் காலோடதா, என் பேண்ட்டோடதா?"

தையல்காரர் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. மற்ற விஷயத்தில் எப்படியோ, தொழிலில் அவர் மந்தபுத்திக்காரர் இல்லை. ஒரு இஞ்ச் மேலே, ஒன்றரை இஞ்ச் கீழே என்று அவர் கண் ஓடிக் கூட்டியது அவளுக்கே தெரிந்தது. நோட்டைப் பார்த்தார், வெளியே சாத்தியிருந்த சைக்கிளின் உயர்ந்த சீட்டைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

"பேண்ட் அளவு," என்றார் மெதுவாக.

"என்ன அண்ணா சொல்றீங்க?" கிராம் குதித்தான். "நான் கால் அளவுதான கேட்டேன்!"

"நீ உள்கால்னு கேட்ட. உள்கால்னா எங்க தொழில்ல பேண்ட்தான்டா."

"சைக்கிளுக்குக் கேக்கிறேன்னு தெரியும்ல? தரையில இருந்து அளக்கணும்னு யோசிக்க வேணாமா?"

"படிச்சவன் நீ. நீ சொல்லணும்."

"நான் போட்ட கணக்குல தப்பே இல்ல! புள்ளிக்கு அப்புறம் ரெண்டு எண் வரைக்கும் சரி! குடுத்த அளவு தப்பு!"

"என் அளவு தப்பில்ல. இருபத்தேழுல தச்ச பேண்ட் அவளுக்கு எவ்வளவு அழகா நிக்குதுன்னு பாரு!"

இப்படியே போயிற்று. அண்ணனும் தம்பியும் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, அளவு சரியா கணக்கு சரியா என்று கால் மணி நேரம் கத்தினார்கள். வலித்த முட்டி மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"நிறுத்துங்க," என்றாள் அவள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "ஒரு வாடிக்கையாளருக்கு பேண்ட் ரெண்டு இஞ்ச் குட்டையாப் போச்சுன்னா அவர்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

தையல்காரர் நோட்டை மூடினார்.

"நான் சொல்றேன். எத்தன தடவ கேட்டிருக்கேன். 'மன்னிக்கணும் சார், தப்பு எங்களோடது, வேற துணி எடுத்துத் தச்சுத் தர்றோம்'. உங்க கால் சரியில்ல சார்னு ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா? நாப்பது வயசாச்சு, கால் அவ்வளவுதான்னு ஊர் பூரா சொல்லியிருக்கீங்களா? எனக்கு மட்டும் சொன்னீங்க. சீட்டு தாழ்வா இருக்குன்னு என் வாயால சொன்னேன். உடம்பு பொய் சொல்லும், டேப்பு சொல்லாதுன்னீங்க."

"சரி விடு... ரெண்டு இஞ்ச்தான. இப்ப சரியாயிடுச்சுல்ல," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அந்த 'தான' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இரண்டு சக்கரங்களையும் தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

சக்கரம் வாங்கிய பெரிய கடையில் ஒரு மணி நேரம் நின்றாள். விற்றதை வாங்கும் பழக்கம் இல்லை என்றார்கள். தள்ளுபடிச் சரக்கு என்றார்கள். கல்லாவில் இருந்தவர் கடைசியில், "வீட்டுல ஆம்பளைங்க யாரையாவது வரச் சொல்லுங்கம்மா, பேசிக்கலாம்," என்றார்.

"ஆம்பளைங்க வந்து வாங்கினதுனாலதான் இப்ப இது திரும்பி வருது," என்றாள் அவள். "யாரு காசோ அவங்க வந்திருக்காங்க. சக்கரத்துல கீறல் இருந்தா காட்டுங்க, நான் போறேன். இல்லன்னா நான் இங்கயே உக்காந்துக்கிறேன். எனக்குக் கையில காஜா வேலை இருக்கு." பையிலிருந்து ஒரு சட்டையையும் ஊசியையும் எடுத்து, வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தும்விட்டாள். மூன்றாவது காஜா முடிகிறபோது காசு வந்தது.

அதற்கப்புறம் இரண்டு வாரம் வீட்டில் பேச்சுக் குறைந்தது. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, துணி நேரத்துக்குப் போனது. காலையில் முன்னைவிட அரை மணி முந்தி எழுந்து மேம்பாலத்தில் ஏறி இறங்கினாள். தையல்காரர் இரண்டு மூன்று தடவை தொண்டையைக் கனைத்துப் பார்த்தார். கனைப்போடு நின்றது. மன்னிப்புக் கேட்க வாடிக்கையாளரிடம் சரளமாக வருகிற நாக்கு பெண்டாட்டியிடம் வரும்போது மட்டும் ஏன் அப்படி ஒட்டிக்கொள்கிறது என்று யாருக்குத் தெரியும்.

ஏற்றத்து நாள் காற்று எதிராக அடித்தது. நீர்த்தேக்கத்தின் மேலே ஷாமியானா போட்டு, பெரிய பாத்திரத்தில் டீயும் தட்டுகளில் ரொட்டியும் வைத்திருந்தார்கள். தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டுத் தன் அக்காவோடு வேனில் வந்து காத்திருந்தார். கிராம் எட்டாவதாக வந்தான். அவள் பம்பு அறைத் திருப்பத்துக்கு வந்தபோது தானாகவே கால் தயங்கியது, போன வருஷத்து வெட்கம் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. முட்டி ஒன்றும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு மிதிக்கும் ஒன்றாக, மூன்று கிலோமீட்டரையும் மிதித்துத் தீர்த்தாள். அறுபது பேரில் முப்பத்தொன்றாவதாக மேலே வந்தாள். அவள் தைத்த ஜெர்சிகளில் முப்பது அவளுக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தன. பாத்திரத்தில் டீ பாதிக்கு மேலேயே இருந்தது.

கிளப்காரர்கள் கை தட்டினார்கள். நாத்தனார் வாயெல்லாம் சிரிப்பாக முன்னால் வந்தாள். "பாத்தியா! நம்ம சின்னவன் ஏதோ கணக்குப் பாத்துச் சீட்ட ஏத்தி வச்சானாமே. அவன் மூளையே மூளை. இல்லன்னா இந்த முட்டிய வச்சுக்கிட்டு இவளாவது ஏறுறதாவது!"

கிராம் மறுக்கவில்லை. பெரிய மனதோடு தலையை லேசாக ஆட்டினான்.

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றவளுக்குப் பேச்சு வரவில்லை. வந்திருந்தால் அன்றைக்கு அந்த ஷாமியானா தாங்கியிருக்காது. அதற்குள் தையல்காரர் எழுந்தார். டீக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, கடையில் வாடிக்கையாளர் முன்னால் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, அவன் ஏத்தல. அவன் இறக்கி வச்சவன். இறக்கினது நான் சொன்ன அளவுல," என்றார். குரல் சற்று உயர்ந்தது, பக்கத்திலிருந்தவர்கள் திரும்பினார்கள். "ஒரு வருஷமா இவ முட்டி போச்சுன்னு உங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். இவ முட்டிக்கு ஒண்ணுமே இல்ல. நல்ல காலை நான்தான் கெடுத்தேன். சீட்டு தாழ்வா இருக்குன்னு இவ சொன்னா, நான் கேக்கல. தப்பு என்னோடது."

யாரோ ரொட்டித் தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது. நாத்தனார் மட்டும் தாங்காமல், "சரி சரி, இதப் போயி நாலு பேர் முன்னாடி..." என்று இழுத்தாள்.

"நூறு பேர் முன்னாடி சொன்னது அக்கா. நாலு பேர் பத்தாது."

அவர் பெண்டாட்டி பக்கம் திரும்பினார். ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார். சிரிப்பாள், அல்லது அழுவாள், அல்லது விடுங்க என்றாவது சொல்வாள் என்று நினைத்திருக்கலாம். அவள் டீயை வாங்கி, நின்றபடி முழுக்கக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கொடுத்தாள்.

"வியாழக்கிழமையும் சனிக்கிழமையும் காலையில கடைக்கு ஒரு பொண்ணு வரும்," என்றாள். "காஜா நல்லா எடுக்கும், துணியும் கொண்டுபோய்க் குடுக்கும். ஆறு மாசத்துக்குச் சம்பளம் குடுத்தாச்சு. உறையில இருந்த காசு அதுக்குப் போயிடுச்சு. அந்த ரெண்டு நாளும் மத்தியானம் வரைக்கும் நான் இருக்க மாட்டேன். ஓட்டப் போயிடுவேன்."

"சைக்கிளுக்குன்னு வச்ச காசாச்சே அண்ணி!" என்றான் கிராம், வாய் விட்டு.

"சைக்கிளுக்குத்தான் செலவு பண்ணியிருக்கேன்."

"ஆறு மாசச் சம்பளமா?" நாத்தனார் நெஞ்சில் கை வைத்தாள். "யாரக் கேட்டுக் குடுத்த?"

அவள் சைக்கிளைத் திருப்பி, காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"யாரையும் கேக்கல," என்று சொல்லிவிட்டு இறக்கத்தில் இறங்கினாள்.